கடைசியாகத் தூங்கிய இயந்திரம்

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஒரு கணினியைச் சேமிப்பகத்தோடு இணைத்து முடித்ததும் என்னிடம் வந்து சொல்லும் முதல் வார்த்தை, "கனெக்ட் ஆயிருச்சு சார்." பச்சை விளக்கு எரியும். கோப்புகள் திரையில் வரிசையாக வந்து நிற்கும். சொல்லுகிறவர் முகத்திலும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: "எதோடு?"

வயதான ஆளின் குசும்பு என்று உங்களில் சிலர் நினைத்தது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றுவிட்டேன், இனி கேட்க மாட்டேன். ஏன் கேட்டேன் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

இணைப்பே கிடைக்காத நாள்களில் நான் பெரிதாகப் பதறியதில்லை. எங்கோ வயர் கழன்றிருக்கும், எலி கடித்திருக்கும், மின்சாரம் இறங்கியிருக்கும். தேடினால் கிடைத்துவிடும். எல்லாக் கணினிகளும் கேட்டவுடன் இணைந்து, எல்லா விளக்கும் பச்சையாக எரிந்த ஒரு காலையில்தான் எனக்குப் பயம் வந்தது.

எண்பதுகளில் நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் என் பொறுப்பு. கண்மாய்க் கரை உடைந்தது, பஸ் பள்ளத்தில் இறங்கியது, மழை இல்லை என்று மூன்று வகைச் செய்திகள் அனுப்புவேன். மூன்றாவதைத்தான் அதிகம் அனுப்பியிருக்கிறேன். பிறகு கணினி கற்று, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அருப்புக்கோட்டையில் சேலை நெய்யும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். யார், எங்கே, எப்போது என்று கேட்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. அங்கே என் பெயரைச் சொல்லி யாரும் அழைத்ததில்லை. 'நிருபரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அங்கிருந்தது இன்று நீங்கள் பராமரிக்கும் பெரிய தொகுதி அல்ல. இரண்டே சர்வர்கள். ஒன்று முதலாளியின் அறையில். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். இன்னொன்று சேலை வடிவங்களை வரையும் அறையில். ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டிலும் ஒரு நகல் இருக்கும். நூல் அடுக்கி வைக்கும் கிட்டங்கியிலோ, சேலை வடிவத்தைத் தறிக்குச் சொல்லும் துளை அட்டைகளைக் குத்தும் அறையிலோ இருக்கும் கணினி ஒரு கோப்பைக் கேட்டால், இரண்டில் எது விழித்திருக்கிறதோ அது எடுத்துக் கொடுக்கும். எது கொடுத்தது என்று கேட்டவருக்குத் தெரியாது. ஒன்று நின்றுபோனால் மற்றது தனியே வேலையைத் தொடரும். நின்றது திரும்பி வந்ததும் இரண்டும் தங்கள் கோப்புகளை ஒப்பிடும். கடைசியாக எழுதப்பட்ட நகல் எதுவோ அது செல்லும், மற்றதன் மேல் அது எழுதப்பட்டுவிடும். நினைத்த நேரத்தில் மின்சாரம் போகும் ஊருக்கு இது நல்ல ஏற்பாடு.

முதலில் வாங்கிய சர்வருக்கு மூத்தது என்றும் அடுத்ததற்கு இளையது என்றும் அலுவலக மேலாளர் மாரியப்பன் பெயர் வைத்திருந்தார். இரண்டும் ஒரே மாதிரிதான், வேலையில் மூப்பு கிடையாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஒரே நிமிசத்துல பொறந்த ரெட்டைக்கே மூத்தவன் எளையவன் உண்டு நிருபரே" என்றார்.

நான் சொன்ன அந்தக் காலை வந்த ஆண்டில், ஆனி மாதத்தில் வீரசோழனிலிருந்து ஆமினா என்ற பெண் வேலைக்கு வந்தார். கணினியில் சேலை வடிவம் வரைய மதுரையில் படித்தவர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். அவர் வரைந்துகொண்டிருந்தது ஒரு கம்மங்கதிர் பார்டர். ஒரு கதிர் நிமிர்ந்து நிற்கும், அடுத்தது மணி கனத்துச் சாய்ந்திருக்கும், மூன்றாவதில் ஒரு குருவி கொத்தின இடம் காலியாக இருக்கும். கட்டம் கட்டமாக நிறம் வைத்து வரைய வேண்டிய வேலை. வாரக்கணக்கில் இழுத்தது.

அண்ணாச்சி அவரிடம் சொல்லியிருந்தார்: "விசயதசமிக்குத் தறியில ஏறிருச்சுன்னா வேலை ஒனக்கு. இல்லைன்னா அப்புறம் பாப்போம்."

இதே 'அப்புறம் பாப்போம்' என்பதை எனக்குத் தெரிந்து ஏற்கனவே இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறார். அவர்களை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. ஆமினாவின் அத்தாவும் அதே நாளைத்தான் கெடுவாக வைத்திருந்தார். அதற்குள் வேலை நிலைக்காவிட்டால் பஸ் ஏறி வருவது நின்றுவிடும்.

ஆயுத பூசையன்று நான் திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்தேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எங்கள் வீட்டில் ஆயுத பூசை கிடையாது, அதற்கான லீவு மட்டும் உண்டு. மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினேன். உழுது போட்ட கரிசல் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடந்தது. வடகிழக்கில் மேகம் இருந்தது, பெய்யுமா என்று சொல்ல முடியாத மேகம். விதைப்புக்குப் போகிறவர்கள் தூரத்தில் அசைவது தெரிந்தது. பஸ்ஸின் ஆட்டத்தில் தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. அவர்கள் நடக்கிறார்களா, நிலம்தான் மெல்ல நகர்கிறதா என்று ஒரு கணம் பிடிபடவில்லை.

அருப்புக்கோட்டையில் இறங்கியபோதும் அந்தக் கனவு நிலை விடவில்லை. காரணம் புரிய சற்று நேரம் ஆனது. ஊரில் சத்தம் இல்லை. எங்கள் தெருக்களில் விசைத்தறி ஓசை காற்று மாதிரி. இருக்கும்போது காதில் விழாது. ஆயுத பூசைக்கு நிறுத்திய தறிகளை விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். அதுவரை ஊர் தண்ணீருக்குள் கிடப்பது போல இருக்கும். பேசுகிறவர்கள்கூட அன்று குரலைத் தாழ்த்தியே பேசுவார்கள்.

அலுவலகத்தில் சந்தனமும் பொரியும் மணத்தன. கணினிகள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தன. அண்ணாச்சி சூடம் காட்டி மூத்ததின் பொத்தானை ஏற்கனவே அழுத்தியிருந்தார். அலுவலகக் கணினியும் அட்டை அறைக் கணினியும் உடனே இணைந்துவிட்டன. மாரியப்பன் மவுஸைப் பிடித்தபடி மும்முரமாக இருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"புது வருசக் கணக்கு மாதிரித்தானே. நடப்பு ஃபைலு எல்லாத்துலயும் மூலையில 'உ' போட்டு சேவ் பண்ணிட்டேன். பேப்பருக்குப் போடுறோம், இதுக்குப் போட வேண்டாமா?"

மவுஸால் 'உ' போடுவது எளிதல்ல. மழைக்கு வெளியே வந்த மண்புழு போல ஒவ்வொரு கோப்பின் மூலையிலும் ஒன்று நெளிந்து கிடந்தது. நான் சிரித்தேன்.

அப்போது அட்டை அறையிலிருந்து ஆமினா கூப்பிட்டார். சத்தமாகக் கூப்பிடவில்லை. "அண்ணே, இங்க வாங்களேன்."

திரையில் கம்மங்கதிர் பார்டர் இருந்தது. இடது பாதியில் கதிர்கள் நிமிர்ந்தும் சாய்ந்தும் நின்றன. நடுவுக்கு அப்பால் கதிர் இல்லை. வெறும் தட்டைகள் மட்டும், மழை தப்பிய வருடத்துக் காடு போல, பார்டரின் கடைசி வரை வரிசையாக நின்றன. வலது மேல் மூலையில் மாரியப்பனின் மண்புழு.

"நேத்துச் சாயந்தரம் முடிச்சேன் அண்ணே. கடைசிக் குருவி கொத்தின எடம் வரைக்கும் வச்சேன். சேவ் பண்ணிட்டுத் திரும்பத் தெறந்தும் பாத்தேன்."

பின்னாலேயே வந்த மாரியப்பன் எட்டிப் பார்த்தார். "என்னத்தா, பாதிக் காட்டுக்கு மழை பேயலையா?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி வாசலில் நின்றிருந்தார். கோபப்படுகிற மனிதர் அல்லர். திரையைப் பார்த்தார், பிறகு ஆமினாவைப் பார்த்தார்.

"முடிச்சிட்டேன்னு நேத்து போன்ல சொன்னியேம்மா."

"முடிச்சேன் அண்ணாச்சி."

"சரி. பாவு ஏத்தி நிக்குது. நல்ல நேரத்துக்குள்ள மொத அட்டை விழணும். பாதி பார்டர நம்பி தறிய ஓட்ட முடியாது. மாரியப்பா, பழைய மாங்கா பார்டர எடுத்துக் குத்தச் சொல்லு. இத அப்புறம் பாப்போம்."

ஆமினா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கைப்பையை எடுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். அழவில்லை. "நான் பொய் சொல்லல" என்று மட்டும் சொன்னார். யாரிடம் என்று இல்லாமல், திரையிடம் சொன்னது போல இருந்தது.

மாரியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணாச்சி, எளையது இன்னும் எந்திரிக்கல. அதையும் போட்டுப் பாப்போம். அது வந்தா எல்லாம் சரியா வந்துரும்" என்று வடிவம் வரையும் அறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

இளையதின் மேல் கதம்பம் சுற்றியிருந்தது. பூக்கள் அவ்வளவாக வாடவில்லை. மூத்ததின் மேல் இருந்த மாலையை அண்ணாச்சியின் அறையில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அது நன்றாக வாடியிருந்தது. செய்தி எழுதியவனுக்கு இப்படிப்பட்ட வித்தியாசங்கள் கண்ணில் குத்தும்.

"மாரியப்பன், நேத்து எதை மொதல்ல அமத்துனீங்க?"

"மூத்தததான். மூத்ததுக்குத்தானே மொத பூசை. காலையிலேயே அமத்தித் தொடச்சுப் பொட்டு வச்சாச்சு. எளையத எங்க விட்டா? இந்தப் பிள்ளை சாயந்தரம் வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. பிள்ளை போன பெறகுதான் இதுக்குப் பூ."

சொல்லிக்கொண்டே பொத்தானை நோக்கி விரலை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் விரல் அப்படியே நின்றது.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். மூத்தது தூங்கியது காலையில். அதற்கு நேற்றைய பகல் தெரியாது. பகல் முழுவதும் ஆமினா வரைந்த கதிர்களெல்லாம் இளையதில் மட்டுமே விழுந்தன. தன் வேலை ஒரே இடத்தில்தான் சேர்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாதபடிதான் நாங்கள் இணைத்திருந்தோம். இன்று காலை மூத்தது முதலில் கண் விழித்து, தன்னிடம் இருந்த பாதிக் காட்டை முழு நம்பிக்கையோடு எடுத்து நீட்டியிருக்கிறது.

அதோடு போயிருந்தால் கவலை இல்லை. இளையது விழித்ததும் தன்னிடம் இருப்பதே புதியது என்று காட்டியிருக்கும். ஆனால் அந்தப் பாதிக் காட்டின் மூலையில் மாரியப்பன் ஒரு 'உ' போட்டுச் சேமித்துவிட்டார். இப்போது கடைசியாக எழுதப்பட்ட நகல் அதுதான். இரண்டும் சந்தித்தால் இளையது தன் கதிர்களையெல்லாம் அழித்துவிட்டு, வெறும் தட்டைகளையும் அந்த 'உ'வையும் வாங்கிக்கொள்ளும். பிறகு இரண்டும் ஒரே சொல்லாகச் சாட்சி சொல்லும். ஆமினா பொய் சொன்னார் என்று.

இதை என்னால் முடிந்த மட்டும் சுருக்கமாக, ஆமினாவோடு பின்னால் வந்து நின்ற அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப எளையதப் போடவே கூடாதுங்கிறியா?"

"இப்ப வேண்டாம்."

"நல்ல நேரம் முடியப் போகுது நிருபரே. ஒன்ன எழுப்பி ஒன்னத் தூங்க வச்சுட்டு நான் தறிய ஓட்ட முடியாது. வருசம் பூரா உறுத்தும்."

அவர் சொன்னதில் விளையாட்டு இல்லை. அந்தக் கட்டடத்தில் அவருக்கு அது எவ்வளவு உண்மையோ, எனக்குக் கோப்பின் நேரம் அவ்வளவு உண்மை. வாதாடினால் தோற்பேன் என்று தெரிந்தது. தோற்றால் யாராவது ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்திவிடுவார்.

"போடுங்க" என்றேன். "ஆனா இந்த வயர உருவிட்டுப் போடுங்க. இது மூத்ததோட பேசக் கூடாது. எந்திரிக்கட்டும், தனியா இருக்கட்டும்."

அண்ணாச்சி குனிந்து வயரைப் பார்த்தார். "வயரு இல்லாமப் போட்டா, அது போட்டதாகுமா?"

"வெளக்கு எரியும். சுத்தும். சூடம் காட்டலாம்."

"வெளக்கு எரிஞ்சாப் போதும்" என்றார் மாரியப்பன் அவசரமாக. "மனுசன் மட்டும் எந்திரிச்சதும் பேசவா செய்றான்? எங்க வீட்டுல காப்பி குடிக்கிற வரைக்கும் யாரும் பேச மாட்டோம்."

அண்ணாச்சியின் உதட்டில் ஒரு சிறு அசைவு தெரிந்தது. தலையை ஆட்டினார். நான் குனிந்து வயரை உருவினேன். சரியான வயர்தானா என்று விரலால் தடவி மூலை வரை தொடர்ந்து பார்த்தேன். அதே அறையில் இருந்த ஆமினாவின் கணினியை, எல்லா வயர்களும் சேரும் பொதுப் பெட்டியிலிருந்து பிரித்து, இளையதோடு மட்டும் ஒரு தனி வயரில் சேர்த்தேன். ஒரு சர்வர், ஒரு கணினி, வேறு யாரும் இல்லை. அண்ணாச்சி சூடம் காட்டி அழுத்தினார்.

"நேத்து இத எப்படி அமத்துனீங்க?" என்று மாரியப்பனிடம் கேட்டேன்.

"மெயினத்தான். எப்பவும் அப்படித்தானே?"

எப்பவும் அப்படி அல்ல; முதலில் திரையில் ஆணை கொடுத்து நிறுத்திய பிறகுதான் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இளையது எழுந்திருக்காமல் தன் வட்டுகளைத் தானே ஒவ்வொரு பகுதியாகச் சோதிக்கத் தொடங்கியது. நேற்று எழுதியது முழுவதும் பத்திரமாக உள்ளே இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. இந்த வேலையில் முடிவு எடுத்த பிறகு வரும் நேரம் ஒன்று உண்டு. செய்வதற்கு எதுவும் இருக்காது, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எதையாவது செய்துவிடுகிறவர்கள்தான் அதிகம் கெடுத்திருக்கிறார்கள்.

நான்கு பேரும் நின்றோம். சூடத்தின் புகை ஜன்னல் வெளிச்சத்தில் கலையாமல் தொங்கியது. பின்னால் தறிக்கூடத்தில் ஆட்கள் தறியருகே நின்று காத்திருந்தார்கள். நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல்கள் அசையாமல், இழுத்துப் பிடித்த மழை போல நின்றன. பிறகு எங்கோ இரண்டு தெரு தள்ளி ஒரு தறி ஓடத் தொடங்கியது. இன்னொரு வீட்டின் நல்ல நேரம். அடுத்து ஒன்று, மேற்கே ஒன்று. நீருக்கு அடியிலிருந்து ஊர் மெல்ல மேலே வருவது போல ஓசை சேர்ந்துகொண்டே வந்தது. எங்கள் கூடம் மட்டும் அமைதியாக இருந்தது. இளையதின் சிறிய விளக்கு இமைத்தது, நின்றது, மறுபடி இமைத்தது. தூக்கத்தில் கண் அசைகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பது போல ஆமினா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

விளக்கு நிலைத்தது. ஆமினாவின் திரையில் கோப்புகள் வரிசையாக வந்தன.

"நீங்களே தெறங்க" என்றேன்.

அவர் திறந்தார். கதிர்கள் இடமிருந்து வந்தன, நடுவைத் தாண்டின, நிமிர்ந்தும் சாய்ந்தும் வலது ஓரம் வரை போய் நின்றன. கடைசிக் கதிரில் குருவி கொத்தின இடம் காலியாக இருந்தது. மூலையில் 'உ' இல்லை.

மாரியப்பன்தான் முதலில் பேசினார். "வெளஞ்சிருச்சே."

அண்ணாச்சி திரைக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார். "இந்தக் குருவி கொத்தினத நெய்ய முடியுமா?"

"முடியும் அண்ணாச்சி. குறுக்க ஓடுற ஊடை நூல அந்த எடத்துல விட்டுப் புடிச்சாப் போதும்."

"குத்துங்க" என்றார். பிறகு ஆமினாவின் கையைப் பார்த்து, "பைய வையும்மா. எங்க போற?" என்றார்.

அட்டை அறைக் கணினியை மூத்ததிடமிருந்து பிரித்து இளையதோடு சேர்த்தேன். நல்ல நேரத்துக்குள் முதல் அட்டை விழுந்தது. எங்கள் தறியும் ஊரோடு சேர்ந்துகொண்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இளையதிடம் இருந்தது சரி என்பதால் மூத்ததிடம் இருந்தது பொய் ஆகிவிடவில்லை. அன்று காலை கிட்டங்கியில் பதிந்த நூல் வரவு மூத்ததில் மட்டும்தான் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றை அப்படியே எழுதியிருந்தால் யாராவது ஒருவரின் வேலை போயிருக்கும். மாலை வரை உட்கார்ந்து, கோப்புக் கோப்பாக, இது யாருடையது, எப்போது எழுதியது என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தோம். மாரியப்பன் தன் 'உ'க்களையும் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினார். அவற்றையும் காப்பாற்றினேன்.

அடுத்த ஆண்டு ஆயுத பூசைக்கு முன் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு முறை கேட்டார். கணினிகளை முதலில் பிரித்துவிட வேண்டும், சர்வர்களில் கடைசியாகத் தூங்குவது எதுவோ அதுவே முதலில் எழ வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டு அவராகவே ஒன்றைச் சேர்த்தார்: "அத யாரு தூங்க வச்சாகளோ அவுகளே எழுப்பட்டும்."

அந்த முறை இளையதைக் கடைசியாகத் தூங்க வைத்தது ஆமினா. வேலை அவருக்கு நிலைத்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. விஜயதசமி காலையில் வீரசோழன் பஸ் வர நேரமாகிவிட்டது. நல்ல நேரம் தொடங்கிவிட்டது, சூடம் தயாராக இருந்தது, தறிக்கூடத்தில் எல்லோரும் நின்றார்கள். அண்ணாச்சி வாசலுக்கும் அறைக்கும் நடந்தாரே தவிர, பொத்தான் பக்கம் யார் கையும் போகவில்லை. ஆமினா மூச்சு வாங்க வந்து, செருப்பை வெளியே விட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். பிறகு மாரியப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஃபைலுக்குள்ள ஒன்னும் போடலயே அண்ணே?"

"இல்லத்தா. ஒரு அட்டையில எழுதி மேல ஒட்டிட்டேன்."

இளையது எழுந்து மூத்ததும் எழுந்து, இரண்டும் ஒத்துப்போன பிறகு, நான் கணினிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தேன். அட்டை அறையிலிருந்து மாரியப்பன் குரல் கொடுத்தார்.

"கனெக்ட் ஆயிருச்சு நிருபரே."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆமினா கேட்டுவிட்டார்.

"எதோடண்ணே?"